ஒரே கறுப்புப் பெட்டி, வேறு வேறு போர்டுகள்

இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம் என்ற ஒரே பெயரில் விற்கப்பட்ட கணினிகளுக்குள் இருப்பது ஒரே போர்டு (மின்சுற்றுப் பலகை) அல்ல. கேம்பிரிட்ஜ் நகரத்துச் சின்கிளேர் ரிசர்ச் நிறுவனம் 1982 ஏப்ரல் 23 அன்று இதை அறிமுகப்படுத்தியது. அன்று தொடங்கி 48கே (48 கிலோபைட் நினைவகம்) வகையின் கடைசிக் காலம் வரை, உள்ளிருக்கும் போர்டு இஷ்யூ 1, 2, 3, 3பி, 4ஏ, 4பி, 5, 6ஏ எனப் பலமுறை திருத்தப்பட்டது. மூடியைக் கழற்றாதவருக்கு இந்த வேறுபாடு தெரியாது. திரையில் தோன்றும் பதிப்புரிமை வரியும் எல்லாவற்றிலும் 1982 என்றே சொல்லும். பழைய கணினிகளைத் தேடி வாங்குவோர் இஷ்யூ 1 என்று கேட்டாலே விலையை ஏற்றிவிடுகிறார்கள். எனக்கு அந்த வரிசையில் உடன்பாடு இல்லை. கும்பகோணம் போன்ற ஊரில், மின்னழுத்தம் ஏறி இறங்கும் வீட்டில், ஐப்பசி கார்த்திகை அடைமழையின் ஈரத்துக்கு நடுவே ஒரு ஸ்பெக்ட்ரத்தை உண்மையாகவே ஓட்டவேண்டுமானால் இஷ்யூ 3பி போர்டே மேலானது என்பது என் முடிவு. அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

என் மேசையில் இப்போது இருப்பவை மூன்று. ரப்பர் விசைகள் கொண்ட இஷ்யூ 2 ஒன்று. அதே உருவத்தில் இஷ்யூ 3பி ஒன்று. கெட்டியான பிளாஸ்டிக் விசைகளும் ரீசெட் பொத்தானும் உடைய ஸ்பெக்ட்ரம் பிளஸ் ஒன்று. பிளஸ்ஸின் உள்ளே இருப்பது 6ஏ. நடுவில் உள்ளது கூத்தாநல்லூர்க் குடும்பம் ஒன்றில் சிங்கப்பூரிலிருந்து பெட்டியோடு வந்து, பல ஆண்டுகள் மர அலமாரியில் கிடந்தது. இஷ்யூ 1 என்னிடம் இல்லை. வாங்கும் எண்ணமும் இல்லை.

இந்தியாவில் ஸ்பெக்ட்ரம் அப்படியொன்றும் அறியாத பெயர் அல்ல. டெசிபெல்ஸ் எலக்ட்ரானிக்ஸ் என்ற நிறுவனம் 1986இல் உரிமம் பெற்று, பிளஸ் வகையை டிபி ஸ்பெக்ட்ரம் என்ற பெயரில் இங்கேயே விற்றது. ஏறத்தாழ அதே காலத்தில் பள்ளிகளில் கணினியை அறிமுகப்படுத்த மத்திய அரசு கொண்டுவந்த கிளாஸ் திட்டத்தின் கீழ்ப் பள்ளிகளுக்கு வந்தவை பிபிசி மைக்ரோ கணினிகள். ஆகவே எண்பதுகளில் பள்ளியில் ஒன்றையும் வீட்டில் வேறொன்றையும் தொட்டவர்கள் நம் பக்கத்திலும் உண்டு. அவர்கள் வீட்டுப் பரண்களிலிருந்துதான் இன்றும் சில பெட்டிகள் இறங்கி வருகின்றன.

எல்லா இஷ்யூக்களுக்கும் பொதுவான அமைப்பை முதலில் சொல்லிவிட வேண்டும். 3.5 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் இசட்80ஏ மையச் செயலி, அழியாத நினைவகமான 16கே ரோம், ஃபெரான்டி நிறுவனம் செய்துகொடுத்த யூ.எல்.ஏ. என்னும் தனிச் சில்லு ஆகிய மூன்றும் எப்போதும் உண்டு. திரையில் படம் வரைவது, விசைப்பலகையைப் படிப்பது, நிரல்களைச் சேமிக்கும் கேசட்டுக்கு ஒலி அனுப்புவது, கீழ் 16கே நினைவகத்தைச் செயலியோடு பகிர்ந்துகொள்வது எல்லாம் யூ.எல்.ஏ.வின் பொறுப்பு. கீழ் நினைவகத்தில் எட்டு 4116 சில்லுகள். மேல் 32கேயில் எட்டு 4532 வகைச் சில்லுகள். இவை உண்மையில் ஒரு பாதி பழுதாகிப்போன 64கே சில்லுகள்தாம். நல்ல பாதி எது என்பதைப் போர்டில் ஒரு கம்பி இணைப்பால் தேர்ந்தெடுப்பார்கள். முழுமையான சில்லுகளின் விலையைத் தவிர்க்கக் கண்ட இந்த வழி ஒன்றே அந்த நிறுவனத்தின் குணத்தைச் சொல்லிவிடும்: 16கே வகைக்கு 125 பவுண்டு, 48கே வகைக்கு 175 பவுண்டு என்று விலையை முதலில் வைத்துவிட்டு, அதற்குள் அடங்கும்படி எல்லாவற்றையும் செதுக்கியிருக்கிறார்கள். வன்பொருளை வடிவமைத்தவர் ரிச்சர்டு ஆல்ட்வாசர். வெளித்தோற்றத்தை வடிவமைத்தவர் ரிக் டிக்கின்சன்.

இஷ்யூ 1 போர்டில் அவசரம் வெளிப்படையாகத் தெரியும். அதிலிருந்த 5சி102 என்ற யூ.எல்.ஏ.வில் வடிவமைப்புப் பிழை இருந்தது. அதைச் சரிக்கட்ட, 74 வரிசை என்னும் சாதாரணப் பொதுவகைச் சில்லு ஒன்றை மல்லாக்கப் படுக்கவைத்து, கால்கள் மேல்நோக்கி நிற்க, கம்பிகளால் இணைத்துவிட்டார்கள். செத்த கரப்பான் என்று அதற்குப் பட்டப்பெயரே உண்டு. 48கே வேண்டுமென்றால் மேல் 32கே நினைவகம் ஒரு தனிக் குட்டிப் போர்டில் வந்து, சாக்கெட்டுகளில் செருகி உட்காரும். பார்ப்பதற்குச் சுவையான பொருள்தான். வரலாற்று மதிப்பும் உண்டு. ஆனால் செருகி நிற்கும் ஒவ்வொரு காலும் காற்றின் ஈரத்தில் களிம்பேறும் ஓரிடம் என்பதை நாகப்பட்டினம், காரைக்கால் பக்கத்தில் உப்புக் காற்றோடு வாழ்பவர்களுக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

இஷ்யூ 2இல் அந்தக் குட்டிப் போர்டு போய்விட்டது. மேல் நினைவகத்துக்கான இடம் முதன்மைப் போர்டிலேயே வந்தது. 16கே கணினி வாங்கியவர் பின்னால் சில்லுகளை வாங்கிச் செருகி 48கே ஆக்கிக்கொள்ளலாம். யூ.எல்.ஏ. 5சி112 ஆனது. பழைய பிழை தீர்ந்தது. புதிய குறை ஒன்று தலைகாட்டியது. அதற்காகச் செயலியின் கால்களின் மேல் ஒரு டிரான்சிஸ்டரைக் குறுக்காகப் பற்றவைத்த போர்டுகள் உண்டு. கம்பிக் கால்களைப் பரப்பி நிற்பதால் அதைச் சிலந்தி என்பார்கள். இது தொழிற்சாலையில் செய்த திருத்தமே. பழைய மெக்கானிக் யாரோ கைவைத்துவிட்டார் என்று எண்ணி இதைப் பிடுங்கி எறிய நினைப்பவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும்.

வெளியிலிருந்து பார்த்தால் இஷ்யூ 1இன் விசைகள் வெளிர் சாம்பல் நிறத்திலும், பின்னால் வந்தவற்றில் நீலம் கலந்த சாம்பல் நிறத்திலும் இருக்கும். இதை ஓர் அடையாளமாகக் கொள்ளலாமே தவிர, சான்றாகக் கொள்ள முடியாது. நாற்பது ஆண்டுகளில் மேல்மூடியும் அடிப்பெட்டியும் இடம் மாறியிருக்கும்.

இஷ்யூ 2இல் எனக்குள்ள பெரிய குறை அதன் நிறத் திருகுகள். தொலைக்காட்சிக்குச் செல்லும் நிறச் சமிக்ஞையைச் சரிசெய்ய இதில் இரண்டு சிறிய மாறுமின்தடைகளும், படிகங்களின் அதிர்வெண்ணை ஒழுங்குசெய்யத் திருகுக் கண்டென்சர்களும் உள்ளன. இங்கிலாந்தின் வறண்ட அறையில் ஒருமுறை திருகி வைத்தால் அவை அப்படியே நின்றிருக்கலாம். இங்கே அடைமழைக் காலம் முடிந்து தையில் கணினியை எடுத்து வைத்தால் வெள்ளைப் பின்புலத்தில் இளஞ்சிவப்பு ஓடுகிறது. இன்னொரு நாள் பச்சை ஓடுகிறது. மாறுமின்தடையின் நகரும் முனை கரித்தடத்தைத் தொடும் இடத்தில் மெல்லிய படிவு ஏறுவதே காரணம். அந்த இரண்டு மாறுமின்தடைகளையும் இஷ்யூ 3இல் நீக்கிவிட்டார்கள். தொழிற்சாலையில் ஒவ்வொரு கணினியையும் ஒருவர் உட்கார்ந்து திருகிச் சரிபார்க்கும் வேலையை மிச்சப்படுத்தச் செய்த மாற்றமாக அது இருக்கக்கூடும். எதற்காகச் செய்திருந்தாலும், அதனால் பயன்பெறுபவர்கள் ஈரமான ஊர்களில் இருக்கும் நாம்தான்.

1983இல் வந்த இஷ்யூ 3 வெறும் சில்லறைத் திருத்தம் அல்ல. யூ.எல்.ஏ. 6சி001 ஆக மாறி, 48கே வகையின் இறுதிவரை அதே வரிசை நீடித்தது. வெப்பத்தை வாங்கும் அலுமினியத் தகடு விசைப்பலகையின் வலப்புற அடியிலிருந்து பெட்டியின் பின்பக்கத்துக்கு நகர்ந்தது. இஷ்யூ 2இல் சிறிது நேரம் விளையாடினாலே வலக்கை விரல்களுக்குச் சூடு உறைக்கும். மே மாதத்தில் அது இன்னும் நன்றாகவே உறைக்கும். இஷ்யூ 3இல் அந்தச் சூடு விரல்களை விட்டுத் தள்ளிப் போய்விட்டது.

அந்தச் சூட்டின் மூலம் 7805 ரெகுலேட்டர். பெட்டிக்கு வெளியே உள்ள மின்வழங்கி 9 வோல்ட் தருகிறது. 7805 அதை 5 வோல்ட்டாகக் குறைத்து, மிச்சத்தை வெப்பமாகக் கழிக்கிறது. சுமை 0.7 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், 9 வோல்ட்டில் 2.8 வாட் வெப்பம். நள்ளிரவில் பம்புசெட்டுகள் எல்லாம் நின்று மின்னழுத்தம் ஏறி, உள்ளே வருவது 11 வோல்ட் ஆனால் அதே வெப்பம் 4.2 வாட். எதிர்ப்பக்கமும் தொல்லைதான். குறுவைப் பருவத்தில் மும்முனை மின்சாரம் வந்து எல்லா மோட்டார்களும் ஒருசேர ஓடும் வேளையில், கிராமப்புறத்தில் வீட்டுக்கு வருவது 180 வோல்ட்டாகக்கூட இறங்குவதுண்டு. 240 வோல்ட்டுக்குச் சுற்றப்பட்ட டிரான்ஸ்பார்மரில் அந்த நேரம் 9 வோல்ட்டுக்குப் பதில் 6.75 வோல்ட்தான் கிடைக்கும். 7805 ஒழுங்காக வேலை செய்ய ஏறத்தாழ 7 வோல்ட் வேண்டும். அதற்குக் கீழே போனால் திரையில் கிடைக்கோட்டுப் பட்டைகள் ஊர்ந்து போகும். பிறகு கணினி தானாகவே மறுபடி தொடங்கும். ரேம் (நினைவகம்) போய்விட்டது என்று இதைப் பார்த்துச் சில்லுகளைக் கழற்றத் தொடங்குவதற்கு முன்னால், ஒரு ஸ்டெபிலைசரை இடையில் வைத்துப் பார்ப்பது நல்லது. இந்தத் தொல்லை எல்லா இஷ்யூக்களுக்கும் பொது. 7805ஐ எடுத்துவிட்டு அதே மூன்று கால்களில் உட்காரும் ஸ்விட்சிங் ரெகுலேட்டரை வைத்தால் சூடும் குறையும், மின்னழுத்தம் சற்றுக் குறைந்தாலும் தாங்கும். என் மூன்று கணினிகளிலும் அதைத்தான் செய்திருக்கிறேன். அசல் பாகத்தை மாற்றலாமா என்று முகம் சுளிப்பவர்களுக்கு, கழற்றிய 7805ஐ ஒரு பொட்டலத்தில் கட்டி அதே பெட்டிக்குள் வைத்திருக்கிறேன் என்பதே என் பதில்.

எலிமினேட்டர் பற்றி ஓர் எச்சரிக்கை. ஸ்பெக்ட்ரத்தின் மின்செருகியில் நடுமுனை நெகட்டிவ். நம் கடைகளில் கிடைக்கும் 9 வோல்ட் எலிமினேட்டர்களில் பெரும்பாலானவற்றில் நடுமுனை பாசிட்டிவ். மல்டிமீட்டர் வைத்துப் பார்க்காமல் செருகினால் கணினி அந்த இடத்திலேயே பழுதாகிவிடும்.

பழுதுகளில் கொடியது கீழ் நினைவகத்தின் பழுது. 4116 சில்லுக்கு +5, +12, −5 என மூன்று மின்னழுத்தங்கள் வேண்டும். ரெகுலேட்டரிலிருந்து வருவது +5 மட்டுமே. மற்ற இரண்டும் ஒரு சிறு காயிலும் டிஆர்4, டிஆர்5 என்ற இரண்டு டிரான்சிஸ்டர்களும் கொண்ட மாற்றுச் சுற்றிலிருந்து வருகின்றன. பின்பக்கத்து விரிவாக்க முனையில் எதையாவது மின்சாரம் ஓடும்போதே செருகினாலோ பிடுங்கினாலோ முதலில் போவது டிஆர்4. மாற்றுச் சுற்று கெட்டு, −5 வோல்ட் இல்லாத நிலையில் மற்றவை மட்டும் வந்தால் 4116 சில்லுகள் வரிசையாக இறந்துபோகும். இதற்கும் இஷ்யூ எண்ணுக்கும் தொடர்பில்லை. நான் தொலைக்காட்சி பழுதுபார்ப்பைக் கற்றுக்கொண்ட பெரியவர், எந்தச் சாதனத்தைத் திறந்தாலும், “தம்பி, முதல்ல வோல்ட்டைப் பாரு, அப்புறம் ஐ.சி.யைத் திட்டு” என்பார். ஸ்பெக்ட்ரத்துக்கு இதைவிடப் பொருத்தமான வழிகாட்டி நூல் இல்லை. மூன்று மின்னழுத்தங்களையும் அளந்த பிறகே நான் பற்றவைக்கும் கோலைச் சூடாக்குகிறேன்.

மேல் நினைவகம் பழுதானால் கணினி அந்த அளவுக்கு முரண்டுபிடிக்காது. தொடங்கும்போது தானே நினைவகத்தைச் சோதித்து, பழுது தெரிந்த இடத்தோடு எல்லையை நிறுத்திக்கொண்டு, தன்னை 16கே கணினியாகவே எண்ணி வேலை செய்யும். 23732, 23733 ஆகிய இரு முகவரிகளில் உள்ள எண்களைப் படித்து, இரண்டாவதை 256ஆல் பெருக்கி முதலாவதோடு கூட்டினால் 65535 வரவேண்டும். 32767 வந்தால் கணினி 16கே அளவிலேயே ஓடுகிறது என்று பொருள். 48கே என்று சொல்லி விற்கப்படும் பெட்டியை விற்பவர் முன்னாலேயே இப்படிச் சோதித்துவிடலாம். மூடியைத் திறக்கும் சங்கடம் இல்லை.

இஷ்யூ 2க்கும் 3க்கும் இடையே மென்பொருளுக்குத் தெரியும் வேறுபாடு ஒன்றும் உண்டு. எனக்கு இதுவே மிகவும் பிடித்த பகுதி. செயலி வெளிச்சாதனங்களோடு பேசும் வாயிலான 254ஆம் துறையைப் படித்தால் விசைகளின் நிலை ஐந்து பிட்டுகளில் வரும் (பிட்டுகளை 0 முதல் எண்ணுகிறேன்). கேசட்டிலிருந்து வரும் ஒலி ஆறாம் பிட்டில் வரும். கேசட் எதுவும் ஓடாதபோது அந்த ஆறாம் பிட்டு என்ன சொல்லவேண்டும் என்பதை யாரும் வரையறுக்கவில்லை. அதே துறையில் கடைசியாக எழுதிய மதிப்பு மின்சுற்றின் வழியே கசிந்து அந்தப் பிட்டைப் பாதிக்கிறது. இஷ்யூ 2இல் மூன்றாம் பிட்டு, நான்காம் பிட்டு இரண்டில் எதை உயர்த்தியிருந்தாலும் ஆறாம் பிட்டு 1 ஆகும். இஷ்யூ 3இல் நான்காம் பிட்டு மட்டுமே அப்படிச் செய்யும். விளைவாக, எந்த விசையையும் அழுத்தாத நிலையில் பேசிக் நிரல்மொழியிலிருந்து படித்தால் இஷ்யூ 2 பொதுவாக 255 என்கிறது. இஷ்யூ 3 191 என்கிறது.

இஷ்யூ 2 காலத்தில் விளையாட்டு எழுதியவர்களில் சிலர், எந்த விசையும் அழுத்தப்படவில்லை என்பதை அறிய 255 வருகிறதா என்று மட்டும் பார்த்தார்கள். அந்த விளையாட்டுகள் இஷ்யூ 3இல் யாரோ எப்போதும் ஒரு விசையை அழுத்திக்கொண்டிருப்பதாகவே நினைத்துக் குழம்பின. கீழ் ஐந்து பிட்டுகளை மட்டும் பிரித்தெடுத்துப் பார்த்தவர்களின் விளையாட்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. குற்றம் யாருடையது என்ற விவாதத்தில் நான் நிரலாளர் பக்கம் நிற்க மாட்டேன். பொருளில்லாத பிட்டை நம்பியது அவர்களே. ஆனால் காசு கொடுத்து வாங்கிய கேசட் புதிய கணினியில் ஓடாமல் போனவருக்கு இந்த நியாயத்தால் ஒரு பயனும் இல்லை. பழைய கணினியைப் போலவே நடந்துகொள்ளும் இன்றைய எமுலேட்டர் மென்பொருள்களில் இஷ்யூ 2 விசைப்பலகை என்று ஒரு தெரிவு இருப்பதற்கும் காரணம் இதுவே.

இதை நீங்களே பார்க்க விரும்பினால் இரண்டு கூறுகள் கொண்ட ஒரே வரி போதும்: 10 பிரிண்ட் அட் 0,0, ஐ.என். 254: கோ டூ 10. ஓடவிட்டு விசைகளிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும். என் மேசையில் ரப்பர் விசைப் பெட்டிகள் இரண்டையும் அருகருகே வைத்து ஓட்டினால், உருவத்தில் பிரித்தறிய முடியாதவை திரையில் வெவ்வேறு எண்ணைக் காட்டுகின்றன.

இஷ்யூ 3பி, 4ஏ, 4பி ஆகியவை பெரும்பாலும் நுணுக்கத் திருத்தங்கள். அவற்றில் நின்று பேச அதிகம் இல்லை. 1984 அக்டோபரில் ஸ்பெக்ட்ரம் பிளஸ் வந்தபோதும் மாறியது பெட்டியும் விசைப்பலகையுமே. உள்ளே அதே 48கே சுற்று.

இஷ்யூ 5இலிருந்துதான் பழுதுபார்ப்பவனுக்கு வருத்தம் தரும் திருப்பம் ஒன்று வருகிறது. அதுவரை நினைவக முகவரிகளைப் பிரித்தனுப்பப் பல சாதாரண 74 வரிசைச் சில்லுகள் இருந்தன. அவற்றில் பலவற்றின் வேலையை இசட்எக்ஸ்8401 என்ற ஒரே தனிச் சில்லிடம் ஒப்படைத்துவிட்டார்கள். போர்டு சுத்தமாயிற்று, பாகங்களின் எண்ணிக்கை குறைந்தது, பொறியாளரின் கண்ணுக்கு இது முன்னேற்றமே. ஆனால் 74எல்எஸ்157 கெட்டுப்போனால் சென்னை ரிச்சி தெருவில் கேட்டு வாங்கிவிடலாம். இசட்எக்ஸ்8401 கெட்டுப்போனால் எந்தக் கடைக்காரரிடம் போய்க் கேட்பது? வெளிநாட்டு ஆர்வலர்கள் செய்துதரும் மாற்றுச் சிறுபோர்டுகளைத் தருவிக்க வேண்டும். என் பிளஸ்ஸின் 6ஏ போர்டு இப்போது நன்றாகவே ஓடுகிறது. இருந்தாலும் அதைத்தான் மிகக் குறைவாகப் பயன்படுத்துகிறேன்.

யூ.எல்.ஏ.வும் தனிச் சில்லுதானே, அது எல்லாப் போர்டிலும் உள்ளதே என்று கேட்கலாம். உண்மைதான். அது சாக்கெட்டில் இருப்பதால் கழற்றி மாற்றுவது எளிது. அதற்கும் இன்று மாற்றுகள் செய்கிறார்கள். தவிர்க்க முடியாத தனிச் சில்லு ஒன்று இருக்கும்போது, தவிர்த்திருக்கக்கூடிய இன்னொன்றையும் சேர்த்துச் சுமப்பானேன் என்பதுதான் என் வாதம்.

இப்படிப் பார்த்தால் நடுவில் நிற்கும் 3, 3பி போர்டுகளில் ஒட்டுத் திருத்தங்கள் இல்லை, நிறத்துக்கான மாறுமின்தடைகள் இல்லை, சூடு கைக்கு வராது, யூ.எல்.ஏ. திருந்திய வடிவம், மற்றச் சில்லுகளில் பெரும்பாலானவை கடையில் கிடைப்பவை. மிகப் பழைய கேசட்டுகளில் சில ஓடாமல் போகலாம் என்பது மட்டுமே இழப்பு. அந்தச் சில விளையாட்டுகளுக்காக இஷ்யூ 2 ஒன்றையும் கூடவே வைத்துக்கொள்வது ஆசைக்கு இடம் கொடுப்பது. அதை நான் மறுக்கவில்லை.

விசைப்பலகையின் அடியிலுள்ள மெல்லிய படலம் எந்த இஷ்யூவானாலும் காய்ந்து உடைந்திருக்கும். மூடியைத் தூக்கும்போதே அதன் இரண்டு ரிப்பன்களும், ஐந்து தடம் கொண்டதும் எட்டுத் தடம் கொண்டதும், வளைவில் முறிந்துவிடும். புதிதாகச் செய்த படலங்கள் கிடைக்கின்றன. ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டே திறப்பது உசிதம். கழற்றி வைக்கும் காலத்தில் காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைக்கவேண்டும். துணியில் சுற்றிப் பீரோவில் வைப்பது கூடாது. நம் ஊர்த் துணி கார்த்திகையில் தானே ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்.

இஷ்யூ எண் போர்டின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். இணையத்தில் விற்பவரிடம் பெட்டியின் படத்தைக் கேட்பதைவிட, ஐந்து திருகுகளைக் கழற்றி அந்த எழுத்துகள் தெரியும்படி ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள். திறக்கத் தயங்குகிறார் என்றால் அந்த ஒருவரிப் பேசிக் நிரலையாவது ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். இரண்டுக்கும் இசையாதவர் சொல்லும் விலையில் படலத்துக்கும் ரேமுக்கும் ஆகும் செலவைக் கழித்துக்கொண்டு பேரம் பேசலாம்.